அவரவர் நாற்காலி

மூக்கண்டப்பள்ளி,
ஜனவரி 29, வியாழக்கிழமை.

சத்யாவின் அப்பாவுக்கு மாதேஸ்வரி எழுதுவது.

இங்கே நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். குஜராத் கம்பெனியில் உங்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் நான்கு வார்த்தை பேசி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு ஆறிய பிறகு எடுத்துப் படியுங்கள். ஆனால் முழுவதும் படியுங்கள்.

வீட்டுச் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டாரை வீட்டு ஓனர் ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார், இனி டேங்கர் வண்டிக்குக் குடத்தோடு ஓட வேண்டாம். குளிர் இன்னும் விடவில்லை. காலை ஷிப்டுக்குப் போகும்போது எதிரே வருகிற கம்பெனி பஸ்சே தெரியாத அளவுக்குப் பனி. அவரைக்காய் மலிந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்துக் களி கிண்டினேன். உங்களை நினைக்காமல் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீங்கள் சத்யாவிடம் பேசியது, ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது ஸ்பீக்கரில் கேட்டது. "தலைவி கிலைவியெல்லாம் நமக்கு எதுக்கு? நாளைக்கே டீச்சர்கிட்ட எழுதிக் குடுத்துட்டு வாய மூடிக்கினு படி" என்றீர்கள். அவள் சரிப்பா என்று மட்டும் சொன்னாள். நம் மகள் ஒரே வார்த்தையில் சரி என்று சொல்லி நீங்கள் எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? காலையில் பார்த்தால் ராஜினாமாக் கடிதத்தை நீட்டாக எழுதி வைத்துவிட்டு யூனிபார்ம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். முகம் வீங்கியிருந்தது.

அந்தப் பேப்பரை நான் வாங்கிக் கிழித்துவிட்டேன். இதை ஒளிக்காமல் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்று உட்கார்ந்தேன்.

நடந்தது என்ன என்று நீங்கள் முழுதாகக் கேட்கவே இல்லை. போன ஆகஸ்டில் பள்ளிக்கூடத்துக் குழாயடியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் கன்னடம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள், ஒரு பக்கம் திருவண்ணாமலையிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள். மறுநாள் பெற்றவர்களும் பள்ளிக்கூட கேட் வாசலில் நின்று கத்தினார்கள். அதில் இரண்டு பேர் தினமும் ஒரே கம்பெனி பஸ்சில் போகிறவர்கள். ஒருத்தர் பெயர் இன்னொருத்தருக்குத் தெரியாது. மாணவர் தலைவி என்ற முறையில் சத்யாவும் அன்றைக்கு அங்கே நின்றாள். வீட்டுக்கு வந்து, "பெத்தவங்களே ஒருத்தர ஒருத்தர் பாத்ததில்ல, பசங்கள மட்டும் ஒத்துமையா இருன்னா எப்படிம்மா இருப்பாங்க?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் இந்த விழா.

டான்ஸ், பாட்டு, பெரிய மனிதர் பேச்சு எதுவும் கிடையாது. 'எங்க வீட்டு வேலை' என்று பெயர். பிள்ளைகள் ஆளுக்கொரு மேசை போட்டு, தங்கள் அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்பதை வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் எல்லா மேசைக்கும் போய்க் கேட்க வேண்டும். தலைமையாசிரியை ஜெயமணி டீச்சருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கம்பெனியிலிருந்து ஒரு திருகாணியைக்கூட வெளியே கொண்டுவர முடியாது என்பதால், பழைய கையுறை, சாப்பாட்டு டப்பா, கையால் வரைந்த மெஷின் படம் என்று பிள்ளைகள் என்னென்னமோ சேர்த்தார்கள். சத்யா, நீங்கள் விட்டுப்போன சேஃப்டி ஷூவுக்குப் பாலிஷ் போட்டு எடுத்துப் போனாள்.

அப்புறம்தான் அந்தத் தப்பு நடந்தது. போன வாரம் சத்யாவும் அவள் தோழி பிரவீனாவும் வகுப்பு வகுப்பாகப் போய், உங்கள் வீட்டில் எந்த ஷிப்ட் என்று கேட்டார்கள். பாதிக்கு மேல் ஏ ஷிப்ட். காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு வெளியே வந்துவிடுவார்கள், மூன்று மணிக்கு விழா வைத்தால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, இந்த வாரம் புதன்கிழமையைக் குறித்துவிட்டார்கள். என்னையும் கேட்டாள். ஏ ஷிப்டுதான் என்றேன். அப்போது அதுதான் உண்மை.

திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இருபது வருஷம் ஷிப்ட் பார்த்தவருடைய மகளுக்கும் தோன்றவில்லை, வாரா வாரம் மாறுகிற எனக்கும் தோன்றவில்லை. புதன்கிழமை மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள் அத்தனை பேரும் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் பி ஷிப்டில் உள்ளே நின்றுகொண்டிருந்தோம். நான் வயர் கட்டுகிற லைனில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சூப்பர்வைசரிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன், ஆளில்லை என்று சொல்லிவிட்டார். என் மகள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்க்கவில்லை.

யாரோ அதைப் படம் எடுத்து, 'மாணவர் தலைவியின் மாபெரும் மாநாடு' என்று எழுதி பெற்றோர் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அங்கே இருந்துகொண்டு நீங்களும் அதைப் பார்த்தீர்கள். உடனே போன் போட்டீர்கள்.

அந்தப் படத்தைப் பார்த்து உங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். சிங்காரப்பேட்டைப் பக்கம் உங்கள் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா என்றால், நம் தெருப் பையன்களைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நாற்காலி சுமக்க. எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு முடித்ததும், போய்ச் சுவரோரம் நில்லுங்கள் என்பார்கள். ஒரு தடவை நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்ததற்கு, எல்லோரும் பார்க்க எழுப்பிவிட்டார்கள். அதன் பிறகு எந்த விழாவுக்கும் போகவில்லை என்றீர்கள். நம் பிள்ளை மேடையில் நின்றால் அவளையும் யாராவது இறக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். உங்களிடம் கோபமாக வெளியே வருவது அந்தப் பயம்தான்.

அதற்காக அவளாகவே இறங்கிக்கொள்ள வேண்டுமா? யாரும் அவளை இறக்கவில்லை. ஓட்டுப் போட்டுத் தலைவி ஆக்கிய பிள்ளைகள் அப்படியேதான் இருக்கிறார்கள். பெற்றோர் குழுத் தலைவர் சென்னகிருஷ்ணன், தளி ரோட்டில் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர், பிரவீனாவின் அப்பா, நாற்காலி வாடகை அவருடைய பொறுப்பு. அவர்கூடத் திட்டவில்லை. "கம்பெனி ஜனங்க வரமாட்டாங்கம்மா, வுட்டுடுங்க" என்று மட்டும்தான் சொன்னாராம். வரமாட்டார்கள் என்று சொன்னாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்களை வர முடியாத நேரத்தில் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

ஜெயமணி டீச்சர் இன்னொரு தேதி தருகிறேன் என்கிறார். சத்யா நடத்துவாள். இதற்கு உங்களிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாமல் எதையும் செய்யக்கூடாது என்று எழுதுகிறேன். படிப்பு கெடாது, அதற்கு நான் பொறுப்பு.

வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்காதீர்கள். கடலை எண்ணெயில் பொரித்ததையே தின்றுகொண்டிருக்காதீர்கள்.

இப்படிக்கு,
இந்த ஒரு தடவை உங்கள் பேச்சைக் கேட்காத,
மாதேஸ்வரி.


மூக்கண்டப்பள்ளி,
பிப்ரவரி 14, சனிக்கிழமை.

சத்யாவின் அப்பாவுக்கு,

உங்களை விட்டுவிட்டு இங்கே நாங்கள் ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்துவிட்டுக் கால்வலியோடு உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் முதுகுவலி தேவலையா? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

என் கடிதம் கிடைத்ததும் நீங்கள் போன் போட்டீர்கள். காஸ் சிலிண்டரைக் கேட்டீர்கள், வீட்டு வாடகையைக் கேட்டீர்கள், குளிரைக் கேட்டீர்கள். பதிமூன்றாம் தேதி காலையில் சி ஷிப்ட் ஆட்களும் வருவார்கள் என்று நானே சொன்னேன், விழாவைப் பற்றி உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. சரி, வைத்துவிடப் போகிறீர்கள் என்று நினைத்தபோது, "சி ஷிப்ட் ஆளுங்க ராத்திரி பூரா நின்னுட்டு வருவாங்க. வந்ததும் டீ குடுக்கச் சொல்லு, இல்லன்னா உக்காந்த எடத்துலயே தூங்கிடுவாங்க" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேனோ அழுதேனோ எனக்கே தெரியவில்லை. சத்யாவிடம் சொன்னேன். அப்பாவா சொன்னாரு என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு எழுந்து போய், அவள் வரைந்து வைத்திருந்த மைதானப் படத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, 'சி ஷிப்ட் டீ' என்று எழுதினாள்.

இந்தத் தடவை அவர்கள் ஏமாறவில்லை. இப்போது எந்த ஷிப்ட் என்று கேட்கவில்லை, வருகிற பதிமூன்றாம் தேதி எந்த ஷிப்ட் என்று கேட்டார்கள். யார் எந்த ஷிப்டில் இருந்தாலும் வரட்டும் என்று ஒரே விழாவை இரண்டாகப் பிரித்தார்கள். காலையில் பி ஷிப்டுக்கும் சி ஷிப்டுக்கும், சாயந்திரம் ஏ ஷிப்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமே என்று ஒரு சார் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வேண்டும், பாதிப் பேருக்கு ஓ.டி. இருக்கும் என்று சத்யா சொல்லிவிட்டாள். அது என் வாயிலிருந்து போன வார்த்தைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சத்தம் போடாதீர்கள். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் பிள்ளைகள் நின்று அழைத்தார்கள். நோட்டீஸ் கொடுத்தால் மடித்துப் பையில் போட்டுவிடுவார்கள், நேரில் கூப்பிட்டால்தான் வருவார்கள் என்று சத்யாவின் எண்ணம். வயசுப் பெண்கள் ரோட்டில் நிற்பதா என்று நம் லைன் வீட்டிலேயே முணுமுணுத்தார்கள். அதனால் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். என்கூட வேலை செய்யும் சரிதாவும் வந்தாள். சத்யா தமிழிலும், பிரவீனா தெலுங்கிலும், குழாயடியில் அடிவாங்கிய ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கன்னடத்திலும் கூப்பிட்டார்கள். பஸ் ஜன்னல் வழியாக ஒருத்தர், "நம்மையெல்லாம் எதுக்குமா கூப்புடறீங்க, பசங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தால் புகார் என்றுதான் நம் ஜனங்களுக்குத் தெரியும். "தப்பு இல்லங்கண்ணா, உங்க வேலையப் பத்தி உங்க பையன் பேசப்போறான்" என்றாள் சத்யா. அந்த மனிதர் பஸ் திரும்புகிற வரைக்கும் எங்களையே பார்த்துக்கொண்டு போனார்.

நேற்று காலையில் நான் போகும்போதே கேட்டில் கூட்டம். சி ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து நின்றார்கள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. டீயை ஊற்றிக்கொடுத்தது நானும் சரிதாவும். இந்த டீ யார் ஏற்பாடு என்று ஒருத்தர் கேட்டார். குஜராத்திலிருந்து பாலாஜி என்பவர் ஏற்பாடு என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்.

மேசை மேசையாகச் சுற்றியதை எழுதினால் பக்கம் போதாது. ஜவளகிரியிலிருந்து வந்து ஹாஸ்டலில் படிக்கிற ஒரு பெண், ராத்திரியில் கேழ்வரகுக் கொல்லைக்கு யானை வந்தால் தன் அப்பா எப்படிச் சத்தம் கொடுப்பார் என்று கத்திக் காட்டினாள். சி ஷிப்ட்காரர்களுக்கு மிச்சமிருந்த தூக்கமும் போய்விட்டது. திருவண்ணாமலைக்காரர் ஒருத்தர் தன் பையன் பேசியதைக் கேட்டு, "நான் வூட்ல ஒண்ணுமே சொல்லமாட்டனே, இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று பக்கத்தில் நின்ற கன்னடக்காரரைப் பிடித்துக் கேட்டார். ஆகஸ்டில் கேட் வாசலில் கத்தியவர்கள் இவர்கள்தான். இப்போது பெயர் தெரிந்துவிட்டது, பஸ்சில் இடம் போட்டு வைப்பதாகப் பேச்சு.

சத்யா உங்கள் ஷூவை மேசைமேல் வைத்திருந்தாள். சின்னப் பிள்ளைகள் வந்து முன்பக்க இரும்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். "எங்க அப்பா இத போட்டுக்கினுதான் மெஷின் முன்னால நிப்பாரு. அவரு செஞ்ச பாகம் எந்த வண்டியில ஓடுதுன்னு அவருக்கே தெரியாது. ரோட்ல போற எந்த வண்டியப் பாத்தாலும் எங்கப்பா செஞ்சதா இருக்கலாம்னு நான் நெனைச்சிக்குவேன்" என்றாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் என்னைப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயம்.

இனி சொல்லப்போவதைத்தான் நான் போனில் சொல்ல முடியாது.

காலை விழா கட்டடத்துக்கு மேற்குப் பக்கம், நிழலில் நடந்தது. மதியம் தாண்டினால் அங்கே வெயில் ஏறிவிடும், சாயந்திர விழாவுக்கு நாற்காலிகளைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இந்த மாதிரி வேலைக்கென்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழெட்டுப் பையன்கள் உண்டாம். எப்போதும் அதே பையன்களைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. முதல் விழா பாழான அன்று அவர்களில் ஒருத்தன், "யக்கா, இன்னிக்கு யாரும் வரல, நாங்களாச்சும் முன்னாடி உக்காந்துக்கட்டா?" என்று சத்யாவிடம் கேட்டிருக்கிறான். காலி நாற்காலியைப் பார்த்து எல்லோரும் சிரித்த அன்று அவள் வீட்டுக்கு எடுத்து வந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். என்னிடம்கூட நேற்று ராத்திரிதான் சொன்னாள்.

காலை விழா முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "நாற்காலி தூக்க யாரையும் கூப்பிடமாட்டோம். உக்காந்தவங்க அவங்கவங்க நாற்காலிய எடுத்துக்கினு அந்தப் பக்கம் வாங்க, அங்க சாப்பாடு" என்றாள். ஜெயமணி டீச்சர் முதலில் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கினார். பிறகு கம்பெனி ஆட்கள் எழுந்தார்கள், எங்களுக்கென்ன, தூக்கிப் பழகிய கை. முன்வரிசையில் சென்னகிருஷ்ணன் மட்டும் இங்குமங்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பையன் யாராவது வருவான் என்று பார்த்தார்போல. அந்தப் பையன்கள் அன்றைக்கு மேசைக்குப் பின்னால் நின்று தங்கள் வீட்டு வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரவீனாதான் தெலுங்கில், "நாயினா, மீ குர்ச்சீ மீரே தீஸ்கோண்டி" என்றாள், உங்கள் நாற்காலியை நீங்களே எடுங்கள் என்று. பெற்ற மகள் சொன்ன பிறகு என்ன செய்வார்? "இந்த வயசுல எனக்கும் ஒரு டூட்டி குடுத்துட்டாங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தார். வேட்டி தடுக்கியது. பக்கத்தில் வந்த சி ஷிப்ட்காரர் ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

உங்கள் கதையை நான் சத்யாவிடம் சொன்னதே இல்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. அது நீங்கள் என்னிடம் கொடுத்தது, எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. ஒன்றும் தெரியாமல்தான் நம் மகள் அதைச் செய்தாள்.

நான் இரண்டு நாற்காலி தூக்கிக்கொண்டு போனேன். கிழக்குப் பக்கம் முன்வரிசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னொன்று யாருக்கும்மா என்று சத்யா வந்து கேட்டாள். சும்மாதான் என்றேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ஓடிவிட்டேன். சாயந்திரம் வந்த ஏ ஷிப்ட் கூட்டத்தில் உட்கார இடமில்லாமல் நின்றார்களாம். அப்படியும் சத்யா அந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல், தன் பையை வைத்துப் பார்த்துக்கொண்டாளாம். சரிதாவின் பெண் வந்து சொன்னாள்.

ராத்திரி மறுபடியும் கேட்டாள். காலையிலும் கேட்டாள். விடமாட்டாள், உங்கள் பிடிவாதம்.

இருபத்தேழாம் தேதி உங்களுக்கு வாரலீவு என்று சொன்னீர்கள். அன்றைக்கு எனக்கு பி ஷிப்ட், மதியத்துக்கு மேல் வீட்டில் அவள் மட்டும் இருப்பாள், ஸ்டடி லீவு. அவளுக்குப் போன் போடுங்கள். படிப்பைக் கேட்க வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம். அந்த நாற்காலி யாருக்கு என்பதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சொல்லுங்கள். அவள் கேட்டுக்கொள்வாள்.

மாதேஸ்வரசாமி உங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி,
மாதேஸ்வரி.